மூன்றாவது மாடி நியாயம்

உலகத்தில் நியாயம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒருமுறை போர்ட் ஹார்லனுக்கு வந்து போகலாம். எங்கள் வால்ரஸ் அணியின் மைதானத்தில், மூன்றாவது மாடியில், பிரிண்டர் அறையைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் அது இருக்கிறது. கதவில் 'நியாயப் பிரிவு' என்று பித்தளைப் பலகை தொங்கும். உள்ளே நான் இருப்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நியாயம் கிடைக்காது.

நான் அந்தப் பிரிவின் துணைத் தலைவன். பெயர் ப்ராட். முழுக்க முழுக்கத் தகுதியின் அடிப்படையில் இந்தப் பதவிக்கு வந்தவன். அணியின் உரிமையாளர் ஹோரஸ் டன்லெவியின் ஒரே மகளை நான் கட்டியிருப்பது தனி விஷயம். இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கல்யாணமான கையோடு என்னைத் தூக்கி இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடவில்லை. ஆட்ட இடைவேளையில் எங்கள் அணிச் சின்னமான வால்ரஸ் என்ற கடல்மிருகத்தின் வேஷம் கட்டி ஆடுகிறவரின் உடுப்பைச் சலவைக்குப் போட்டு வாங்கும் பொறுப்பில் முதலில் இருந்தேன். இரண்டு தந்தங்களையும் ஒரே அளவுக்கு வெளுக்க வைத்தேன். அந்த நடுநிலையைப் பார்த்துத்தான் மாமனார் என்னை மேலே ஏற்றிவிட்டார்.

மாமனாரும் சும்மா முன்னுக்கு வந்தவர் அல்ல. இந்த அணிக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? அப்பா கண்ணை மூடும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

எங்கள் அமெரிக்க ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சொல்லுக்கும் செயலுக்கும் எங்கள் லீக்கில் என்ன உறவு என்பதை இந்த ஒன்றிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

சமத்துவத்துக்கும் இங்கே குறைவில்லை. களத்தில் முட்டிமோதி முழங்காலை உடைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். மேலே கண்ணாடி அறையில் கோழிச் சிறகு சாப்பிட்டபடி பார்க்கிற உரிமையாளர்கள் வெள்ளையர்கள். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி பார்த்தால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. களத்துக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவே தலைமைப் பயிற்சியாளர் என்று ஒருவர் நிற்பார். அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறக் கொஞ்சம் தாமதமாகிறது. அதைச் சரிசெய்ய லீக் ஓர் அருமையான விதி போட்டிருக்கிறது. தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும் முன்பு, வெள்ளையர் அல்லாத ஒருவரையாவது நேரில் அழைத்து நேர்காணல் செய்ய வேண்டும். அழைக்க வேண்டும் என்றுதான் விதி. வேலை கொடுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. விதியில் இல்லாத எதையும் எங்கள் அணி செய்ததில்லை.

சீசன் முடிந்த மறுநாள் தோற்ற அணிகளெல்லாம் பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பும். அந்த நாளுக்குக் 'கறுப்புத் திங்கள்' என்று பெயர். வீட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்தான். இருந்தும் பெயரைக் கறுப்புக்கே விட்டுக்கொடுத்திருக்கிறோம். எங்களைப் போய்ப் பாகுபாடு பார்க்கிறோம் என்று சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ!

போன வருஷத்துக் கறுப்புத் திங்களன்று நாங்களும் எங்கள் பயிற்சியாளரை அனுப்பிவைத்தோம். அவருடைய இடத்துக்கு ஆளைத் தேடும் வேலை, அதற்கு முந்தைய சனிக்கிழமையே முடிந்துவிட்டிருந்தது.

இந்த இடத்தில் ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிரில் ஏரி உறைந்ததும் மாமனார் அதன்மேல் ஒரு மரக்குடிலை இழுத்துப் போய் நிறுத்துவார். உள்ளே சின்ன அடுப்பு, ஒரு பெட்டி பீர், மான்கறி போட்ட சில்லிக் குழம்பு, உட்கார இரண்டு கவிழ்த்துப்போட்ட வாளிகள். நடுவில் பனிக்கட்டியைத் துளைத்து ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் தூண்டிலை விட்டுவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். யாரையாவது மனசுக்குப் பிடித்துவிட்டால் அங்கே அழைத்துப் போவார். எங்கள் அணியின் கடைசி நான்கு பயிற்சியாளர்களும் அந்த இரண்டாவது வாளியில் உட்கார்ந்து வந்தவர்கள்தான். ஆனால் அது நேர்காணல் அல்ல, மீன்பிடிப்பு. மீன்பிடிப்பைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

அந்தச் சனிக்கிழமை மாலை மாமனார் மூக்குச் சிவக்க, முகம் மலர வந்து சேர்ந்தார்.

"மாப்ள, மாட்டிக்கிச்சு!"

"மீனா மாமா?"

"கோச்சுய்யா. அந்த விட்லாக் பையன், டேனர். நாள் பூரா உக்காந்திருந்தோம், ஒரு பொடி மீன்கூட வரல. பய வாயத் தொறக்கணுமே! அப்படி ஒரு நிதானம். அவனப் பாத்தா முப்பது வயசுல என்னையே பாத்த மாதிரி இருக்கு."

"முப்பது வயசுல நீங்க என்ன மாமா பண்ணிட்டிருந்தீங்க?"

"இதே குடில்ல எங்கப்பாகூட உக்காந்திருந்தேன்."

டேனர் விட்லாக்கின் தகுதிகளை நானும் மறுக்கவில்லை. தாத்தா பயிற்சியாளர். அப்பா பயிற்சியாளர். இவனோ பெயர்பெற்ற பயிற்சியாளர் ஒருவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்தவன். குடையின் கீழ் நின்றால் யாருக்கும் கொஞ்சம் ஞானம் சொட்டத்தான் செய்யும்.

"சரி மாப்ள, இனி உன் வேலையப் பாரு. விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு மாமா."

"அதே ஆள்தானே?"

"அதே ஆள்தான்."

அந்த ஆள் செட்ரிக் பொஹானன். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் கிரான்பி மியூல்ஸ் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர். எதிரி பந்தோடு ஓடி வரும்போது யார் எங்கே நின்று மறிப்பது என்று வகுத்துக் கொடுப்பவர். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எதிரிகளே சொல்வார்கள். ஜனவரி பிறந்தால் போதும், எல்லா அணிகளிலிருந்தும் அவருக்கு அழைப்பு வரும். இத்தனை நேர்காணல் கண்டவர் லீக்கின் சரித்திரத்திலேயே வேறு யாரும் கிடையாது. வெள்ளைக்காரப் பையன்களின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒரே ஒரு முறை கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு அவர்களுடைய நேர்காணல் வாய்ப்பு பறிபோகிறது.

நான் போன் செய்தேன்.

"பொஹானன் சார், வால்ரஸ் அணியிலேர்ந்து ப்ராட் பேசறேன். உங்களுக்கு ஒரு அருமையான வாய்ப்பு..."

"என்னடா, ஜனவரி பொறந்து இவ்ளோ நாளாச்சு, இன்னும் யாரையும் காணோமேன்னு பாத்தேன். நல்லா இருக்கீங்களா தம்பி? பையன் யாரு?"

"எந்தப் பையன் சார்?"

"நீங்க எடுத்து முடிச்ச பையன்."

"சார், எங்க கதவு தொறந்துதான் இருக்கு. மனசும் தொறந்துதான் இருக்கு."

"உங்க மாமனார் ஏரிக்குப் போனாரா?"

"போனாரு. மீன் புடிக்க."



"எனக்கும் மீன் புடிக்கத் தெரியும் தம்பி," என்றார் பொஹானன். "லூசியானாக்காரன் நான். நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே தூண்டில் புடிச்சவன்."

'இதர திறமைகள்' என்று போட்டு அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு, பதவிக்குச் சற்றும் பொருந்தாத ஒரு கேள்வி என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இவ்ளோ தெரிஞ்சும் ஏன் சார் வர்றீங்க?"

"வரலைன்னு வைங்க, 'கூப்பிட்டோம், அவன்தான் வர மாட்டேன்னுட்டான்'னு சொல்வீங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு... எனக்கு அம்பத்தஞ்சு வயசாச்சு தம்பி. ஒரு தடவையாவது ஒரு டீமை நானே நடத்திப் பாக்கணும்னு ஆசை. எவனாவது ஒருத்தன் என்னிக்காவது நான் போர்டுல போடறதப் பாத்துட்டு, அப்படியே தலையத் திருப்பி என்னையும் பாத்துட மாட்டானான்னு ஒரு நப்பாசை. சரி, அந்த சாண்ட்விச்சுல மட்டும் ஊறுகா வெக்காதீங்க. ஒவ்வொரு வருஷமும் சொல்றேன்."

வந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேஜையின் இந்தப் பக்கம் மாமனார், மேனேஜர் கிரெக் ஹாஃப்னர், நான். அந்தப் பக்கம் பொஹானன், பெரிய உருவம், நல்ல சாம்பல் நிறக் கோட்டு. நடுவில் சாண்ட்விச். ஊறுகாய் இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சாண்ட்விச் என்பது எங்கள் பிரிவின் கொள்கை.

மாமனார் ஆரம்பித்தார். "எவ்ளோ தெளிவாப் பேசறீங்க நீங்க!"

"இன்னும் நான் ஒண்ணுமே பேசல சார்."

"அதத்தான் சொல்றேன். நல்ல அடக்கம். சரி, தலைமைக் கோச்சா இருந்த அனுபவம் உண்டா?"

"இல்ல சார். யாரும் குடுக்கல."

"அடடா." மாமனார் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அது பெரிய குறையாச்சே. முதல்ல எங்கயாவது போய் அந்த அனுபவத்த வாங்கிட்டு வாங்க. அப்புறம் பாருங்க, நாங்களே வீடு தேடி வர்றோம்."

"விட்லாக்குக்கு இருக்கா சார்?"

"யாரு விட்லாக்?" என்றோம் மூவரும் ஒரே குரலில். ஒத்திகை பார்த்திருந்தோம்.

பொஹானன் ஜன்னலைக் காட்டினார். கீழே தலைமைப் பயிற்சியாளர் கார் நிறுத்தும் இடத்தில் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி, கொட்டுகிற பனியில் 'விட்லாக்' என்ற புதுப் பெயர்ப்பலகையை முடுக்கிக்கொண்டிருந்தான். நான் பாய்ந்து போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

"வெயில் கண்ணக் கூசுது," என்றேன்.

"பலகை சாஞ்சிருக்கு தம்பி. சொல்லிடுங்க, பாவம் அந்தாளு திரும்பவும் ஏற வேண்டியிருக்கும்."

அப்புறம் கிரெக் ஹாஃப்னர் பேச்சை மாற்றி, எங்கள் அணி பந்தை முன்னேற்றுவதற்கு என்னென்ன ஆட்டங்கள், அதாவது வியூகங்கள், வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பொஹானன் எழுந்து பலகையிடம் போனார். மார்க்கரைக் கையில் எடுத்ததும் அந்த மனிதரே வேறாகிவிட்டார்.

"நான் தடுக்கறவன். எதத் தடுக்க முடியாதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? இது நான் பயப்படற ஆட்டம். இப்படி ஒருத்தன் ஓடறான்னு வைங்க, தடுக்கற நம்மாளுங்க ரெண்டு பேர் அவன் பின்னாடி போவாங்க. போனாங்களா? போகட்டும். பந்து அங்க இல்லவே இல்ல. இந்தா, இந்தக் குண்டன்கிட்ட இருக்கு. குண்டன யாரும் கணக்குலயே எடுக்க மாட்டான். அவன் பாட்டுக்கு நடந்தே போலாம்!"

வட்டமும் பெருக்கல் குறியும் அம்புக்குறியுமாகப் பலகை நிறைந்துகொண்டே போனது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது, அதையும் முடித்துவிட்டு அடுத்தது. அவரே சிரித்தார், அவரே ஓடிக்காட்டினார், ஒருமுறை நாற்காலியைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். வால்ரஸ் உடுப்பை மட்டுமே அறிந்த எனக்கு அன்றைக்குத்தான் இந்த ஆட்டம் புரிந்தது, அழகாகவும் இருந்தது. மாமனார்கூட வாயைத் திறந்தபடி முன்னால் சாய்ந்துவிட்டார். கிரெக் போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார். தன் படத்தில் பொஹானன் விழாமல் இருக்க, "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் வெட்கம் எங்கள் பிரிவின் பொறுப்பில் வருவதில்லை. அது இரண்டாவது மாடி.

மறுநாள் அவருக்கு நானே போன் செய்து தகவல் சொன்னேன்.

"சார், நூலிழையில போச்சு. நீங்கதான் ரெண்டாவது."

"எத்தன பேர்ல தம்பி?"

"ரெண்டு பேர்ல."

"முன்னேற்றம்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

டேனர் விட்லாக் பொறுப்பேற்க வந்தபோது அவனிடம் ஆட்டத் திட்டம் ஒன்றும் இல்லை. ஏரியில் யாரும் கேட்கவில்லையே! கிரெக் அவனை மூன்றாவது மாடிக்குக் கூட்டிவந்து பலகையைக் காட்டினார். அழிக்கக்கூடாது என்று துப்புரவு ஆட்களிடம் சொல்லிவைத்திருந்தோம். டேனர் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பவ்யமாக, "இது எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டான்.

அந்த வருஷம் எங்கள் அணி போட்ட போட்டில் நாடே கிறங்கிப்போனது. எதிரிகள் ஒருவன் பின்னால் ஓட, குண்டன் பந்தோடு நடந்தே போனான். வாராவாரம் போனான். பத்திரிகைகள் அதற்கு 'விட்லாக் முறை' என்று பெயர் சூட்டின. மேதை என்றன, இளம் மேதை என்றன. ஒரு தொலைக்காட்சிக்காரர், "இந்த ஐடியா எல்லாம் உங்களுக்கு எப்படி வருது?" என்று கேட்டதற்கு, டேனர் வானத்தைப் பார்த்து, "மேலேர்ந்து வருது," என்றான். மூன்றாவது மாடியைத்தான் சொன்னான். அவனுடைய நேர்மையை நான் மெச்சிக்கொண்டேன்.

அரையிறுதியில் கிரான்பி மியூல்ஸ் அணியோடு மோதினோம். எதிர்ப்பக்க ஓரக்கோட்டில் பொஹானன் நின்றார்.

நடந்ததை விரிவாகச் சொல்லிப் படிப்பவர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. எங்கள் ஆட்கள் கிளம்பும் முன்பே அவருடைய ஆட்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். குண்டன் பந்தை வாங்கித் திரும்பினால், அங்கே மூன்று பேர் அவனுக்காக இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஒருவன் "என்னண்ணே, இவ்ளோ லேட்டு?" என்றுகூடக் கேட்டானாம். டேனர் கையிலிருந்த படத்தையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசிவரை எங்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நல்லா ஆடினீங்க தம்பி," என்றார் பொஹானன், டேனரின் தோளைத் தட்டி. "போர்டுல இருந்த மூணாவது ஆட்டத்துக்கு மட்டும் போட்டோவத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க. இனிமே பாத்துக்குங்க."

"சார், இதெல்லாம் தடுக்கவே முடியாதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு முடியாது. போர்டுல விட்டுட்டுப் போனப்புறம் ஒரு வருஷமா வேற என்ன வேலை எனக்கு? உக்காந்து அதுக்கு வழி கண்டுபுடிச்சேன்."

அடுத்த கறுப்புத் திங்களுக்குக் காத்திராமல் டேனரை அனுப்பினோம். ஊரே கொந்தளித்தது. ரசிகர்கள் மைதான வாசலில் பனியில் நின்று 'பொஹானனைக் கொண்டு வா' என்று பதாகை பிடித்தார்கள். என் மனைவி பெய்ஜ்கூட, "அப்பா இந்தத் தடவையாச்சும் கண்ணத் தொறந்தாரா?" என்று காலைச் சாப்பாட்டில் கேட்டாள். எனக்கும் ஆசை பிறந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை மாமனார் ஏரியிலிருந்து வரும்வரை அலுவலகத்திலேயே காத்திருந்தேன்.

"மாப்ள, தீர்ந்தது கவலை!" என்றபடி வந்தார். "நம்மள முட்டி தேய வெச்சானே பொஹானன், அவன் மூளை நமக்கு வேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா! பொஹானன ஏரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"பொஹானனயா? எதுக்கு? அவன்கிட்டக் கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் இருக்கான். பென் ஆர்க்ரைட். இருபத்தொம்போது வயசு. அவனத்தான் கூட்டிட்டுப் போனேன்."

இந்தப் பென் யாரென்று எனக்குத் தெரியும். ஆட்ட வேகத்தில் பயிற்சியாளர்கள் தம்மை மறந்து ஓரக்கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் இறங்கிவிடுவார்கள். இறங்கினால் அணிக்குத் தண்டனை. அப்படி ஆகாமல் இருக்க, பின்னாலேயே நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுக்க ஓர் ஆளை வைத்திருப்பார்கள். பொஹானனை அப்படி இழுத்துப் பிடித்தவன்தான் பென்.

"மாமா," என்றேன் தயங்கித் தயங்கி, "பொஹானன்கிட்டக் கத்துக்கிட்டவன்தான் வேணும்னா, பொஹானனையே எடுத்துட்டா என்ன?"

மாமனார் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"யோசிச்சுப் பேசு மாப்ள. நமக்கு வேண்டியது பொஹானன்கிட்டக் கத்துக்கிட்ட ஆள். பென் கத்துக்கிட்டான். பொஹானன் யார்கிட்டக் கத்துக்கிட்டாரு? பொஹானன்கிட்டயா கத்துக்கிட்டாரு?"

இந்த வாதத்துக்கு எதிர்வாதம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

"அதோட, அந்தப் பையன் பொஹானனப் புடிச்சு இழுத்து நிறுத்தறத எத்தன தடவ டிவில பாத்திருக்கேன்! என்னா புடி! அவனப் பாத்தா அப்படியே என்னையே பாத்த மாதிரி இருக்கு மாப்ள."

இதிலும் உண்மை இருக்கத்தான் செய்தது. திங்கட்கிழமை காலை பொஹானனுக்குப் போன் செய்தேன். அவர் எடுத்தார். பின்னால் யாரோ, அவருடைய மனைவியாக இருக்க வேண்டும், "அவங்களா? இந்தத் தடவ அவங்கதானா?" என்று ஆவலாகக் கேட்பது காதில் விழுந்தது.

"சொல்லுங்க தம்பி," என்றார். குரலில் அந்தப் பழைய கேலி இல்லை.

"சார், உங்களுக்கு ஒரு அருமையான வாய்ப்பு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. "பையன் யாரு?"

"பென் ஆர்க்ரைட்."

"என் பெல்ட்டப் புடிச்சு இழுப்பானே, அந்தப் பென்னா?"

"அவரேதான் சார்."

பொஹானன் சிரித்தார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிரித்து ஓய்ந்தபோது அது சிரிப்பு மாதிரி இல்லை.

"வர்றேன்," என்றார். "இந்தத் தடவ ஊறுகா வெச்சே குடுங்க. அதுதான் உங்க சாண்ட்விச்சுல ஒளிவுமறைவு இல்லாத பொருள்."

அன்றைக்கு மூன்றாவது மாடியில் அப்படி ஒரு ஏற்பாடு! பலகையைப் பளிச்சென்று துடைத்திருந்தோம். புது மார்க்கர்கள், நான்கு நிறத்தில். கிரெக் போனை முழுசாக சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். ஜன்னல் திரையை முன்கூட்டியே இழுத்துவிட்டிருந்தேன். பொஹானன் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தார், கையைத் துடைத்துக்கொண்டார், கேள்வி எதற்கும் காத்திராமல் பலகையிடம் போனார்.

முதலில் ஒரு சின்ன வட்டம். அதைச் சுற்றி ஒரு சதுரம். சதுரத்துக்குள் இரண்டு பெருக்கல் குறிகள். அங்கிருந்து நீளமாக ஒரு அம்பு கிளம்பி, கார் மாதிரி ஒன்றுக்குப் போய், அதற்கு மேல் ஒரு பலகையில் முடிந்தது. தள்ளி, உயரமாக ஒரு கட்டடம். அதன் மேல்மாடியில் ஒரு மேஜை. மேஜைக்கு ஒரு பக்கம் மூன்று பெருக்கல் குறிகள், எதிரே தனியாக ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்து ஒரு அம்பு படியிறங்கி, பாலம் தாண்டி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் அதே படி ஏறி, அதே மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதன்மேலேயே இன்னொரு சுற்று. இன்னொரு சுற்று. மார்க்கர் கிறீச்சிட்டது.

கிரெக் படம் பிடித்தார். கை பழகிவிட்டது.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வித்தியாசமா இருக்கே. இதுல பந்து எங்க?"

"பந்த இந்தக் குடிலுக்குள்ளயே குடுத்து முடிச்சாச்சு சார். மேல இருக்கறவன்கிட்ட சாண்ட்விச் மட்டும்தான்."

"ஓஹோ."

"லீக்ல இருக்கற எல்லா ஆட்டத்தையும் நான் தடுத்திருக்கேன். ஒரு வருஷம் ஆகும், ரெண்டு வருஷம் ஆகும், உக்காந்து வழி கண்டுபுடிச்சிருவேன். இந்த ஒண்ணுக்குத்தான் இன்னும் வழி தெரியல."

"பிரமாதம்!" என்றார் மாமனார். தடுக்க முடியாத ஆட்டம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. "இதுல யாரு ஜெயிக்கறா?"

"நீங்கதான் சார். ஒரு தடவகூடத் தோத்ததில்ல."

மார்க்கரை மூடி, அதன் இடத்தில் நேராக வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டார் பொஹானன். வாசலில் என்னைக் கடக்கும்போது நின்றார். "உங்களுக்குப் புரிஞ்சுதா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். புரிந்தது. தலையை ஆட்டினேன். "அப்ப சரி," என்று போய்விட்டார். மறுநாள் வழக்கமான போனை நான் செய்தபோது அவர் எடுக்கவில்லை.

அந்தப் படத்தைப் பென் ஆர்க்ரைட் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறான். நேற்றுக்கூட என் அறைக்கு வந்து, "சார், எல்லாம் புரியுது. இந்த வட்டம் மட்டும் எதுக்குச் சும்மா சுத்திச் சுத்தி வருதுன்னு தெரியல. இவன எடுத்துட்டு வேற ஆளப் போட்டுடலாமா?" என்றான். நாளைக்குப் பயிற்சியில் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறார்களாம்.

இத்தனை நேர்காணல்களை விதி பிசகாமல் நடத்தியதற்காக, இந்த வருஷம் லீக்கின் 'நியாயக் கேடயம்' எங்கள் அணிக்குக் கிடைத்திருக்கிறது. ஃப்ளோரிடாவில், கடலோர ஓட்டலில், எல்லா அணிகளின் உரிமையாளர்களும் கூடியிருந்த விருந்தில் அதை நான்தான் வாங்கிக்கொண்டேன். ஏற்புரையில் சுருக்கமாகச் சொன்னேன்:

"பொஹானன் விஷயத்தில் எங்கள் அணி எதையும் ஒதுக்கியதே கிடையாது. அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டோம். அவருடைய ஆட்டங்களை எடுத்துக்கொண்டோம். அவருடைய பட்டையைப் பிடித்திருந்த பையனைக்கூட எடுத்துக்கொண்டோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் எடுத்துக்கொள்ளாதது அவரை மட்டும்தான்."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒவ்வோர் உரிமையாளரும், தன் அணியைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.